கடைசி பெஞ்சுக்குப் போகாத தட்டு

...இன்னும் நாலு வரிசை இருக்கிறது, தட்டு வந்து சேருவதற்குள் எழுந்து வெளியே போய்விடலாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள், ஆனால் போன மாதத் திருவிருந்திலும் வயிறு, அதற்கு முந்தின மாதமும் வயிறு, மூன்றாம் தடவையும் அதே பாட்டைப் பாடினால் பாஸ்டரம்மா மாத்திரையோடு வீட்டுக்கே வந்து நிற்பாள். சரி, பாவத்தோடு குடித்துத்தான் தொலைத்தால் என்ன? விரல்நுனி அளவு கிண்ணம், அரை மடக்குத் திராட்சைச் சாறு. நமக்காகச் சிந்தின இரத்தம் என்று மேலே பாஸ்டர் சொல்கிறார், குரல் கம்முகிறது, வருஷக்கணக்காக அதே இடத்தில்தான் கம்மும். பாவம், இரத்தத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பதினெட்டு வருஷமாக வார்டில் நர்ஸாக இருக்கிற இவளைக் கேட்டால் சொல்வாள், அது பிழைக்கவும் வைக்கும், ஆள் மாறி ஏற்றினால் ஒரே ராத்திரியில் கொன்றும் போடும்.

ஆள் மாறித்தான் போனது. ஏழாம் படுக்கை, எட்டாம் படுக்கை, இரண்டு பேருக்கும் ரத்தம் ஏற்றவேண்டும், எந்த வகை என்று பார்க்க ஆளுக்கொரு குழாய் எடுக்கவேண்டும், எடுத்த கையோடு படுக்கையோரமே நின்று பெயர் எழுதி ஒட்டவேண்டும், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இவளே படித்துப் படித்துச் சொல்வது. அன்றைக்கு மட்டும் வலது பையில் ஏழு, இடது பையில் எட்டு, மேஜையில் போய் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு மிதப்பு. மேஜையில் இரண்டையும் வைத்த நேரம் பார்த்து போன், பெரியவள், "அம்மா, அப்பா கட்டில்லருந்து விழுந்துட்டாரும்மா," பேசி முடித்துத் திரும்பினால்... எது வலது, எது இடது? தெரியவில்லை. மறுபடி குத்தி எடுத்திருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. தெரிந்தது மாதிரி எழுதி ஒட்டினாள். சாயங்காலம் எட்டாம் படுக்கைக்காரர், இதே சபைக்காரர்தான், ரத்தம் ஏறத் தொடங்கியதுமே "முதுகு வலிக்குது சிஸ்டர், குளிருது சிஸ்டர்" என்றார், விடியும்போது இல்லை. ஏழாம் படுக்கைக்கு மாறி ஏறினது எப்படியோ அந்த உடம்புக்கு ஒத்துப்போனது. அவருடைய மனைவிதான் இப்போது பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்திருக்கிறாள்.

படிவத்தில் ரத்தம் எடுத்தவர் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது, போன் அவசரத்தில் அதையும் மறந்திருந்தாள். விசாரணைக்கு முன்னால் அங்கே கையெழுத்துப் போட்டது ஊசி. ஆய்வகத்து ஊசி, நரம்பே தெரியாதவர்களுக்கும் ஒரே குத்தில் எடுப்பான், அதனால் வந்த பெயர். "எனக்கு யாருக்கா இருக்கா, ஒண்டிக்கட்டை. உங்களுக்குப் படுக்கையில ஒருத்தர், படிக்க ரெண்டு பொண்ணுங்க. நீங்க வாயத் திறக்காதீங்க." வேண்டாம்ப்பா என்று சொன்னாளா? நினைவில்லை. பொய், நன்றாக நினைவிருக்கிறது, சொல்லவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான். அவன் வேலை போயிற்று. அவனும் இதே சபைதான், கமிட்டியும் கூடி, மனந்திரும்பும்வரை கர்த்தருடைய பந்தியில் கை வைக்கக்கூடாது என்றது. இப்போது கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறான், தட்டு அவனுக்கு முந்தின வரிசையோடு திரும்பிவிடும்.

குற்றமில்லாத ஒருவர் குற்றவாளிக்குப் பதிலாக... ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டி எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், அப்போதெல்லாம் கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது! மீட்கப்பட்டவளுக்கு இப்படியா இருக்கும், சோறு இறங்காமல், தெருவில் அவன் எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்துகொண்டு? இயேசுவை யாரும் தெருவில் எதிரே பார்க்கவேண்டியதில்லை. ஊசி கிடங்கில் மூட்டை தூக்குகிறான், தோல் உரிந்த தோளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டெல்லாம் பாடுகிறான். அவனாகத்தானே கொடுத்தான், நான் கேட்டேனா... சீ, என்ன மனசு இது! மனமுவந்து கொடுத்தான் என்பதற்காக வாங்கிக்கொண்டவள் கை சுத்தமாகிவிடுமா? எழுந்து நின்று ஒரே வரி, நான்தான் எடுத்தேன், சொல்லிவிட்டால் வேலை போகும், ஒருவேளை ஜெயில், பெரியவள் படிப்பு நிற்கும், படுக்கையில் கிடக்கிற புருஷனை யார் புரட்டிப் படுக்கவைப்பார்கள்? சொல்லாவிட்டால் அவன் சாகிறவரை அந்த பெஞ்சு.

"எடுங்க சிஸ்டர்." தட்டைப் பிடித்துக்கொண்டு எட்டாம் படுக்கைக்காரர் மனைவி. எடுத்தாள். பழகிய கை எடுத்தது, பழகிய வாய் திறந்தது, இனிப்பு தொண்டையில் இறங்கின பிறகுதான் ஐயோ என்றது நெஞ்சு. அந்த அம்மாள் தட்டை அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டு இவள் காதோரம் குனிந்தாள். "அந்தப் பின்னாடி பெஞ்சுக்காரனுக்காக ஜெபம் பண்ணணும்னு பாக்கறேன் சிஸ்டர், வாய் வரமாட்டேங்குது. எனக்காக நீங்க பண்ணுங்களேன்."

தலையை ஆட்டினாள், கண்ணை மூடினாள். அவன் பேரைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் தெரிந்தது, மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் அவன் பேரைச் சொல்லித்தான் அவள் முழங்காலில் நின்றிருக்கிறாள், கேட்டது மட்டும் ஒன்றே ஒன்று, அவன் மனசு மாறிவிடக் கூடாது ஆண்டவரே.