டியூக் கவ்விய பந்து

1

பெண்கள் கோல்ஃப் போட்டி ஒன்றின் வரலாற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். போட்டிக்கு ப்ரேரி கோப்பை என்று நானே பெயர் வைத்தேன், தேடாதீர்கள், கிடைக்காது. வென்றவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு போனால் எனக்கே கொட்டாவி வந்தது. இவர்களெல்லாம் ஷூவை எங்கே மாற்றினார்கள் என்ற அற்பச் சந்தேகம் அப்போதுதான் முளைத்தது. இந்தக் கதை அதிலிருந்து வந்தது.

முதல் தொடக்கம்: ‘1953-ஆம் ஆண்டு, மினசோட்டாவின் பொன்மாலைப் பொழுதில், வீரமங்கை வெர்னா—’

(அடித்துவிட்டேன். வீரமங்கை என்று கூப்பிட்டால் வெர்னா மட்டையோடு என் வீட்டுக்கே வந்துவிடுவாள். தவிர, அன்று மழை.)

2

வெர்னா டோலஃப்ஸன் பால்பண்ணைக்காரர் மகள். ப்ரேரி கோப்பையில் பல தடவை இரண்டாவதாக வந்தவள், ஒரு தடவைகூட முதலாவதாக வராதவள். அவளும் லூசியானாக்காரி லொரெட் கிட்ரியும் ஒரே காரில் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். முட்டையில்கூட மிளகாய்ச் சாறு ஊற்றித் தின்பவள் லொரெட். அந்தக் காலத்தில் வீராங்கனைகளே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். வழக்கு வந்தால் அவர்களே தீர்ப்பும் சொல்வார்கள். அந்த முறை தீர்ப்புச் சொல்லும் வேலை வெர்னாவின் தலையில் விழுந்திருந்தது.

கிளப் தலைவர் ஹார்லன் ஓபெர்க் உடை மாற்றும் அறையைத் திறக்கவில்லை. ‘அது ஆம்பளைங்களுக்கு மட்டும்தாம்மா’ என்றார். கார் நிறுத்துமிடத்தில், கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் ஷூ மாற்றினார்கள். நாய்களுக்கும் கிளப்பில் அனுமதியில்லை. அந்த விதியைப் போட்டவரும் ஓபெர்க்தான். அவருடைய நாய் டியூக்குக்கு மட்டும் அது பொருந்தாது.

3

கடைசிக் குழி. இருவரும் சமநிலை. வெர்னாவின் பந்து குழிக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. லொரெட்டின் பந்து மணல் பள்ளத்தில் புதைந்து கிடந்தது. மழைக்குப் பயந்து கூட்டம் கிளப் வராந்தாவில் ஒதுங்கியிருந்தது; மேட்டுக்கு இந்தப் பக்கம் அங்கிருந்து தெரியாது. லொரெட் இன்னும் மேட்டுக்கு அப்பால் நடந்து வந்துகொண்டிருந்தாள். டியூக் ஓடிவந்தது, பள்ளத்தில் இறங்கிப் பந்தைக் கவ்வியது, குழிக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டது. பார்த்தது இருவர்: வெர்னா, குடையோடு நின்ற ஓபெர்க்.

வெர்னா மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னால் பொறாமைக்காரி. சொல்லாவிட்டால் மறுபடி இரண்டாமிடம்.

(இந்த இடத்தில் அவளை வாய் மூடவைத்து, தோழிக்காகக் கோப்பையை விட்டுக்கொடுத்தாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். கண்ணீர் மல்க நன்றாகத்தான் வந்தது. ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் பொய் சொன்னால் அதற்குப் பெயர் தியாகமா? கிழித்துப்போட்டேன்.)

லொரெட் வந்தாள். குழியருகே பந்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“பார்த்தியாடி என் அடியை?”

“பந்து மணல்லதான் கிடந்துச்சு. டியூக் கவ்வி இங்க போட்டுச்சு.”

“ஓ. தோக்கப்போறேன்னு தெரிஞ்சதும் நாயைக் கூட்டிக்கிட்டு வந்துட்டியா?”

“நான் சொன்னா நம்ப மாட்டே. அவரைக் கேளு.”

ஓபெர்க் தொண்டையைச் செருமினார். “நாயா? இங்க நாய்க்கு அனுமதி இல்லையேம்மா.”

அந்த நேரம் பார்த்து டியூக் அவர் காலருகே நின்று உடம்பைச் சிலுப்பியது. சேறு அவர் கால்சட்டை முழுக்கத் தெறித்தது.

“அப்ப இது யாரு, உங்க செயலாளரா?” என்றாள் லொரெட்.

ஓபெர்க் குரலைத் தாழ்த்தினார். “பந்து மணல்லதான் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா என் நாய்னு வெளிய சொல்லிடாதீங்க. உறுப்பினருங்க என்னை உரிச்சுடுவாங்க.”

“ஏதோ ஒரு நாய்னே சொல்லிடுறேன்,” என்றாள் வெர்னா. “உடை மாத்துற அறைச் சாவியைக் கொடுங்க.”

“இன்னைக்கு மட்டும்தான்.”

“டியூக் இருக்கிறவரைக்கும்.” ஓபெர்க் சாவியை நீட்டினார்.

லொரெட் பந்தை எடுத்தாள். பந்து கொழகொழத்தது. “சீ, எச்சில்.” பாவாடையில் துடைத்துக்கொண்டு தோழியைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். “இன்னைக்கு நான் கார் ஓட்டறேன். நீ தூங்கிட்டு வா” என்றாள். பிறகு மணல் பள்ளத்தில் இறங்கி, பந்தை அது கிடந்த இடத்திலேயே வைத்தாள்.

4

மட்டையை வீசினாள். மணலும் பந்தும் சேர்ந்து எழும்பின.

முடிவு ஒன்று: பந்து நேரே குழிக்குள்—

முடிவு இரண்டு: பள்ளத்தின் விளிம்பில் தட்டி மறுபடி மணலுக்குள்—

(இரண்டையும் முழுசாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் வெர்னா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டாவதில் லொரெட்.)

ஆகவே பந்து இன்னும் மேலேதான் இருக்கிறது. அது மேலே இருக்கும்போது வெர்னா மனசுக்குள் என்ன வேண்டிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். பந்தை நீங்களே இறக்குங்கள். இறக்கும்போது குழியைப் பார்க்காதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள்.