ஊதுங்கோ பாப்பம்

என் மனுசன் உதயன் பாரில் வேலை செய்கிறார். குடியை விட்டவன் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், சட்டி பானை பறக்கக் கேட்டேன். முதலில் அங்கே கோப்பை கழுவத்தான் போனார். கைச்சுறுக்கைப் பார்த்து முதலாளி தியரி அவரைக் கவுண்டருக்குள் நிறுத்திவிட்டார். எங்களுக்கோ பிரான்சில் இருக்கிறதுக்கான கார்த் புதுப்பிக்கிற காலம். வேலை ஒப்பந்தம் இல்லாமல் பிரெஃபெக்சர் கந்தோரில் போய் நின்றால் எவனும் நிமிர்ந்தும் பார்க்கமாட்டான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

உதயன் குடியை விட்டது போன குளிர்காலம். விட்டார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் நடுங்கிக் கிடந்ததைப் பார்த்தவள் நான். ஒரு துளி நாக்கில் பட்டாலும் எல்லாம் பழையபடி தொடங்கும் என்று டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவருடைய பிரெஞ்சு எனக்கு அரைவாசிதான் விளங்கியது. முகம் முழுக்க விளங்கியது.

அன்றிலிருந்து உதயன் வேலையால் வந்ததும், சப்பாத்தைக் கழற்ற முதல், "ஊதுங்கோ பாப்பம்" என்பேன். கண்ணை மூடிக்கொண்டு ஊதுவார். பாரில் நின்ற உடுப்பு எப்படி நாறினாலும் வாய் மணம் வேறு, என் மூக்கு அதில் பிழைவிட்டதே இல்லை. ஊதின பிறகுதான் சாப்பாடு.

போன திங்கட்கிழமை பாரும் பூட்டு, நான் காசாளராக நிற்கிற ரூ பெர்தொனே தெருக் கடையிலும் எனக்கு லீவு. மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். உதயன் குசினி மேசையில் சின்னச் சின்னதாக மூன்று போத்தல்களை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"என்ன கோதாரி இது?"

"மெஸ்கால். மெக்சிக்கோச் சாராயம். கற்றாழை மாதிரி ஒரு செடியின்ரை அடியைக் கிடங்கு வெட்டிச் சுட்டு வடிக்கிறது. தியரி மலிவா ஒண்டு தேடுறான், ஆனா பழைய முறையிலை வடிச்சதா இருக்கோணுமாம். மூண்டையும் குடிச்சுப் பாத்து, எது நல்லது எண்டு பின்னேரத்துக்கு முதல் எழுதி அனுப்பட்டாம்."

"ஏலாது எண்டு சொல்ல வாய் இல்லையோ?"

"ஏன் ஏலாது எண்டு கேட்டால்? குடிகாரன் எண்டு சொல்லவோ? குடிகாரனை ஆர் கவுண்டருக்குள்ளை வைச்சிருப்பான், கோசலை?"

எனக்கு விசர் ஏறியது. தியரி மேல், கார்த் மேல், நாங்கள் இருக்கிற லா ஷப்பல் முழுவதன் மேலும் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. வெளியே பாலத்தின் மேலால் மெத்ரோ ரயில் போக யன்னல் அதிர்ந்தது, போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. அந்தச் சத்தத்துக்கு உதயனின் தலை திரும்பிய வேகத்தைப் பார்த்ததும் போத்தல்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நான் பிறந்ததற்கு ஒரு சொட்டுச் சாராயம் குடித்ததில்லை.

"நான் குடிச்சுச் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ. கிட்ட வரப்படாது. அந்தக் கதவடியிலை நில்லுங்கோ."

கதவடியில் நின்றே சொல்லித்தந்தார். முதலில் போத்தலைக் குலுக்க வேண்டும். நல்ல மெஸ்கால் என்றால் குமிழிகள் முத்துக்கோர்வை மாதிரி விளிம்பில் கொஞ்ச நேரம் நிற்குமாம். பிறகு ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மணக்க வேண்டும். கடைசியாகத்தான் வாய்.

முதலாவதில் குமிழி வந்ததும் செத்தது. கையைத் தேய்த்தால் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் மணம். வாயில் வைத்ததும் சிங்குக்குள் துப்பினேன்.

"துப்பினால் காணாது. தொண்டையிலை எப்பிடி இறங்குது எண்டும் எழுதட்டாம்," என்றார்.

இரண்டாவதை விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "இது ஏமாத்து. சீனிப்பாணிக்குப் புகை காட்டி வைச்சிருக்கிறாங்கள். வாயைத் தாண்ட ஒண்டுமே இல்லை."

மூன்றாவதில் முத்துகள் அசையாமல் நின்றன. உள்ளங்கை காய்ந்த பிறகும் மணம் போகவில்லை.

"சம்பலுக்குக் கத்தரிக்காய் சுட்டுத் தோல் உரிக்கேக்கை வருமே, அந்த மணம்!"

"அதைப் பிரெஞ்சிலை எழுதினால் தியரி சிரிப்பான்."

"சிரிக்கட்டும். விலை?"

"மூண்டிலையும் இதுதான் மலிவு."

இருவரும் சிரித்துவிட்டோம். நாங்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். "முதலிலை நெருப்பு. பிறகு சுட்ட வத்தாளங்கிழங்கின்ரை இனிப்பு. அடியிலை மிளகு." இன்னொரு வாய். "இப்ப மழை பெய்ஞ்ச மண் மாதிரி."

அப்போதுதான் பார்த்தேன். நான் விழுங்க உதயனின் தொண்டையும் ஏறி இறங்கியது. எழுதுகிற பேனை நின்றுபோயிருந்தது. கதவடியில் நிற்கச் சொன்ன மனுசன் மேசைக்குப் பக்கத்தில் நின்றார், எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நான் இவ்வளவு நேரமும் இவருக்குச் சொல்லால் ஊற்றிக்கொடுத்திருக்கிறேன். அட பாவி நான்!

"கோசலை, நீர் ஒருக்கா ஊதும்."

"என்ன?"

"ஒருக்கா. மணத்தை மட்டும். வேலைக்குத்தான்."

அந்தச் சொல் என்னுடையது. இப்போது அது பிச்சை கேட்கிற குரலில் அவருடைய வாயிலிருந்து வந்தது. பழைய நாட்களில் 'இதுதான் கடைசி' என்று சொல்வதும் இதே குரல்தான். வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடிக் கதவைப் பூட்டினேன். பல் தீட்டினேன், வாந்தி எடுத்தேன், திரும்பவும் தீட்டினேன். தலை சுற்றியது. தரையில் குந்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. போத்தல்களை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது அதன் பிறகுதான் உறைத்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தேன். உதயன் கதிரையில் இருந்தார், கையில் தொலைபேசி. மூன்றாவது போத்தலின் மூடி மேசையில் கிடந்தது. நான் மூடினேனா? சாராயம் அரைப் போத்தலுக்கும் கீழே இறங்கியிருந்தது. நான் எவ்வளவு குடித்தேன்? யோசிக்க யோசிக்கத் தலைக்குள் புகைதான்.

"தியரி பதில் போட்டிருக்கிறான்," என்றார். குரலில் சந்தோஷமே இல்லை. "கத்தரிக்காய் எண்டது ஆளுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சாம். இனி எல்லாத்தையும் நான்தான் குடிச்சுப் பாக்கோணுமாம். அடுத்தது ரம்."

அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஊதுங்கோ பாப்பம்."

வழக்கத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவர் இன்று என்னைப் பார்த்தபடியே ஊதினார்.

புகை மணந்தது. சுட்ட கத்தரிக்காய், மிளகு, மண். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். என் உள்ளங்கையில் அதே மணம், என் மூச்சில் அதே மணம். எவ்வளவு தீட்டியும் என் வாய் முழுக்க அதுதான் இருந்தது. இந்த வீட்டில் எனக்கென்று இருந்த காவல் ஒன்றே ஒன்று, அதை நானே குடித்துத் தீர்த்துவிட்டேன்.

"மணக்குதோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை."

"நான் குடிக்கேல்லை, கோசலை. பிள்ளையாணை."

அவருடைய தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா ஊதுங்கோ," என்றேன். "இன்னொருக்கா."