மாஸ்டரின் பக்கத்து பிரேக்

மாஸ்டரின் வலது கால் சும்மா இருக்காது. பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸின் தரையை அழுத்தும். சாப்பிட உட்கார்ந்தால் மேஜைக் காலை அழுத்தும். டிவியில் யாராவது காரை வேகமாகத் திருப்பினால் போதும், சோபாவுக்குக் கீழே அவர் செருப்பு தரையோடு தேயும். முதலில் கேலி செய்து கொண்டிருந்த மகள்கூட இப்போது வாயைத் திறப்பதில்லை. அப்பா விளையாட்டுக்குச் செய்யவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு ஒரு பிரேக் என்றால், பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலுக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருடம் அந்த பிரேக்கில் கால் வைத்தே குடும்பத்தை ஓட்டினார். சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு அவரால் எந்தக் காரிலும் ஏற முடியவில்லை. கதவைத் திறந்தாலே வியர்த்துக் கொட்டியது, உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. முதலாளி தங்கமான மனிதர். கொஞ்ச நாள் ஆபீசில் உட்கார்ந்து போனை எடுங்கள் என்றார். ஆனால் தங்கமும் எத்தனை நாள்தான் தாங்கும்? அடுத்த மாதம் புது வகுப்பு தொடங்குகிறது, அதற்குள் வண்டியில் ஏறாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவரும் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு வேறு தொழில் தெரியாது.

மனைவிதான் அவரை மனநல ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கென்ன பைத்தியமா என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆலோசகர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஓசையோடு சுற்றும் ஒரு மின்விசிறி. என்ன நடந்தது என்று கேட்டார். மாஸ்டர் சொன்னார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, நாற்பதைத் தாண்டியவர், கார் கற்றுக்கொள்ள வந்தார். சிக்னலில் ஒரு லாரி நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்குத் தும்மல் வந்தது. பாழாய்ப்போன ஒரு தும்மல். கண்ணைத் திறப்பதற்குள் கார் லாரியின் பின்னால் மோதியிருந்தது. அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது, மாஸ்டருக்கு நெற்றியில் ஒரு கீறல். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"முதல் நாளே இதைக் கடைசி வரைக்கும் சொல்லிட்டீங்க சார். அது சின்ன விஷயம் இல்லை" என்றார் ஆலோசகர்.

அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது மாஸ்டர் நிமிர்ந்து நடந்தார். இரவு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆலோசகர் சொன்னதை மனைவியிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். அவளும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டாள். நல்ல மனுஷி.

மறுநாள் காலை பல் துலக்கும்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. இது நம்முடைய வித்தையாயிற்றே!

முதல் நாள் ஓட்ட வருகிறவர் எப்படி ஓட்டினாலும் சரி, "கை நல்லா படியுது, சீக்கிரம் வந்துடும்" என்று மாஸ்டர் சொல்லிவிடுவார். வண்டி எக்குத்தப்பாகப் போனால் சத்தமில்லாமல் தன் பக்கத்து பிரேக்கை அழுத்துவார். வண்டி அழகாக நிற்கும். தான்தான் நிறுத்தியதாக நினைத்து வந்தவர் பூரித்துப்போவார், மறுநாளும் ஒழுங்காக வருவார். பயந்து பாதியில் ஓடிப்போகிறவர்கள் மாஸ்டரிடம் கிடையாது என்று ஊரே பேசிக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

அடுத்த முறை போனபோது அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. நின்றபடியே ஆலோசகரிடம் பொரிந்தார். உங்கள் பாராட்டெல்லாம் எனக்குத் தெரியும், இந்தத் தொழிலில் நான் தலை நரைத்தவன், ஆளைத் தக்கவைக்கச் சொல்கிற பேச்சுதானே அது என்றார். பேசப் பேசக் குரல் உடைந்தது. இத்தனை நாள் மனைவியிடம்கூடச் சொல்லாதது வெளியே வந்து விழுந்தது.

"அந்தம்மாவை நான் அப்படித்தான் கெடுத்தேன் மேடம். அவங்க ஒரு நாளும் சரியா பிரேக் போட்டதில்லை. எல்லாம் நான் போட்டது. நல்லா போடுறீங்கன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். அன்னைக்கும் அவங்க லேசாத்தான் மிதிச்சாங்க, வண்டி நின்னுடும்னு நம்பி. தப்பு தும்மல் மேல இல்லை."

சொல்லிவிட்டு, பாராட்டு இனி எப்படி வரும் பார்க்கலாம் என்பது போல நின்றார்.

"எங்கிட்ட அப்படி ஒரு பிரேக் இல்லை சார். அன்னைக்கு நீங்க பேசுறப்ப ரெண்டு தடவை கதவைப் பாத்தீங்க. எந்திரிச்சுப் போயிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. நீங்க போகலை. அதை நான் செய்யலை, நீங்க செஞ்சீங்க. அதைத்தான் சொன்னேன்."

மாஸ்டருக்குக் கண் கலங்கியது. கதவைப் பார்த்தது உண்மை. பார்த்ததை இந்தப் பெண் கவனித்திருப்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து பயத்தைப் போக்கும் வேலை தொடங்கியது. முதலில் நிறுத்தி வைத்த காரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கதவை மூடிக்கொண்டு. பிறகு இன்ஜினை ஓட விட்டு. ஒரு நாள் இன்ஜின் சத்தம் கேட்டதுமே இறங்கி ஓடி, ஸ்கூலுக்குப் பின்னால் போய் நின்று வாந்தி எடுத்தார். எல்லாம் பாழ் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆலோசகரிடம் போனார். அவர் துருவித் துருவிக் கேட்டதில் ஒன்று தெரிந்தது. ஓடுவதற்கு முன்னால் மாஸ்டர் இன்ஜினை அணைத்திருக்கிறார், சாவியையும் எடுத்திருக்கிறார். பயந்து ஓடுகிறவர் சாவியை எடுத்துக்கொண்டா ஓடுவார் என்று ஆலோசகர் கேட்டார். மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வாரம் முதலாளி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து தெருமுனை வரை போய் வந்தார். அப்புறம் கடைத்தெரு வரை.

மாணவர் ஒருவரோடு உட்காருவதுதான் பாக்கி. அதற்கு முன்னால் வேறொரு கடன் இருந்தது. அதைத் தீர்க்காமல் எந்த மாணவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அது பொய் என்று அவருக்குத் தோன்றியது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மருந்துக்கடைக்குப் போனார்.

அந்த அம்மா மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். உங்கள் வண்டியை நாசமாக்கிவிட்டேன், எனக்கெல்லாம் கார் ஒரு கேடா என்று வீட்டுக்காரர் சொல்வதும் சரிதான், ஸ்டியரிங்கை இனித் தொடுவதாக இல்லை என்றார். இத்தனை மாதமாக இந்த அம்மாவும் பழியைத் தூக்கிச் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் மாஸ்டருக்குத் தெரிந்தது. தன் பக்கத்து பிரேக் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மாவின் முகம் சிவந்தது. கோபம் வந்துதான் இருக்க வேண்டும், வந்தால் என்ன தப்பு?

"அப்ப எனக்கு எதுவுமே வரலையா? எல்லாமே பொய்யா?"

இல்லை என்று அவசரமாகச் சொல்ல வாய் எடுத்தார் மாஸ்டர். சொல்லவில்லை. கூடவே போன ஒவ்வொரு நாளையும் நினைத்துப் பார்த்தார். அந்த அம்மாவும் காத்திருந்தார்.

"கண்ணாடி பாக்காம நீங்க ஒரு தடவைகூடத் திரும்பினதில்லைம்மா. ஓட்டத் தெரிஞ்சவங்களே மறந்துடுவாங்க. நான் சொல்லாமலே பாத்தீங்க."

அந்த அம்மா பெட்டியைக் கீழே வைத்தார். நிஜமாகவா என்று கேட்கவில்லை. அவருக்கே அது நினைவிருந்தது.

அந்த வார விடுமுறையில் அந்த அம்மா டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். முதலாளி வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஏறினார்கள். என் பக்கத்து பிரேக்கை ஆபத்துக்கு மட்டும்தான் தொடுவேன், தொட்டால் உடனே சொல்லிவிடுவேன் என்றார் மாஸ்டர். அந்த அம்மா தலையாட்டினார். வண்டி ஆமை வேகத்தில் நகர்ந்தது. மாஸ்டர் சட்டை வியர்வையில் நனைந்துதான் இருந்தது. ஆனாலும் இறங்கி ஓடத் தோன்றவில்லை.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு பஸ் நின்றிருந்தது. மாஸ்டரின் கால் துடித்தது. அழுத்தவில்லை. கார் குலுங்கி, பஸ்ஸுக்கு வெகு தூரத்திலேயே படக்கென்று நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அடித்துத் தீர்த்தான்.

அந்த அம்மா ஸ்டியரிங்கை விடாமல், திரும்பிப் பார்க்கவும் பயந்து, மெதுவாகக் கேட்டார்:

"இப்ப பிரேக் போட்டது யாரு மாஸ்டர்?"

பச்சை விழுவதற்குள் மாஸ்டர் சொல்லிவிட்டார்.

"நீங்கதான்மா."