கடுகளவு அபின்

கிழக்கு வெளுக்கும் முன்பே திருத்தணிக் கடலை ஆலையின் களத்தில் முறங்கள் புடைக்கத் தொடங்கிவிட்டன. கடலைத் தோலின் தூசு பெண்களின் தொண்டையில் இறங்கி எச்சிலையும் செம்மண் நிறமாக்கியது. அவர்களுடைய கைக்குழந்தைகளுக்கென்று சட்டம் கேட்ட அறையில் நாள்தோறும் உறங்கியவை கடலை மூட்டைகளே. குழந்தைகள் தோல் குவியலின் ஓரம் கிடந்தன. இன்று மூட்டைகள் வெளியேறின, குழந்தைகள் உள்ளே வந்தன. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார்.

முறம் பிடிக்கும் சந்திராவுக்கு இன்று ஒருநாள் வெள்ளைப் புடவையும் ஆயா என்ற பெயரும் கிடைத்தன. தொட்டிலுக்காக முதலாளி பக்தவச்சலம் மலையடிவாரத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார். பிள்ளை வரம் பெற்றவர்கள் வேண்டுதலுக்குச் சுமக்கும் கரும்புத் தொட்டில்கள் வந்தன. பார்வைக்கு அழகுதான். வெயில் ஏறியதும் கரும்பில் எறும்பு மொய்த்தது, குழந்தைகள் வீறிட்டன.

முதலாளி ஒரு பொட்டலத்தை நீட்டினார். "அபின். கடுகளவு நாக்குல தடவு. அவர் வர்றப்போ எல்லாம் தூங்கிகினு இருக்கணும்."

"எறும்பு கடிக்குதுங்க. கீழே துணி விரிச்சிப் போட்டா தானா தூங்கிடும்."

"ஆயான்னு பேர் வெச்சதும் ராணியாயிட்டியா? முடியாதுன்னா நாளைலேர்ந்து வராதே."

சந்திராவின் புருஷன் முனியன் காசநோயில் கிடந்தான். அவள் கூலியில்தான் உலை கொதித்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். விரலில் கரும்பசை ஒட்டியது. கை மட்டும் குழந்தையின் வாய்க்குப் போகவில்லை. அந்தத் தொட்டில்களில் ஒன்றில் அவள் மகளும் கிடந்தாள்.

வாசலில், களத்திலிருந்து வந்த தமயந்தி முறத்தோடு நின்றாள். "போன தை மாசம் என் பொண்ணுக்கும் கடுகளவுதான் வெச்சாங்க. சாயங்காலம் பால் குடுக்கத் தூக்கினேன். சில்லுனு இருந்தா."

"நான் என்னாக்கா பண்றது? வேலை போச்சுன்னா அவரு மருந்துக்கு எங்கே போவேன்?"

"உன்னை ஒருத்தியா நிக்க வெச்சாத்தான் அவனுக்கு வசதி. விரலைத் துடை."

தமயந்தி களத்துக்குத் திரும்பிப் போனாள். என்ன சொன்னாளோ, ஒரு முறம் தாழ்ந்தது, பிறகு இன்னொன்று. கன்னியம்மாள் முதலில் வந்து தன் மகனைத் தூக்கினாள். பின்னால் வந்தவர்கள் தத்தம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்கள்.

"வண்டி ரயில்வே கேட்டுக்கிட்ட வந்துகினு இருக்குது! களத்துக்குப் போங்கடி!" என்று முதலாளி கத்தினார்.

"ஆங், போறோங்க," என்றாள் கன்னியம்மாள். "அவர் எங்களைப் பார்த்துட்டுப் போவட்டும்."

வருகிறவர் கேட்பாரா, முதலாளியின் காப்பியைக் குடித்துவிட்டுப் போவாரா? நாளை யாருக்கு வேலை இருக்கும்? ஒருத்திக்கும் தெரியாது. சந்திரா தன் மகளைத் தொட்டிலிலிருந்து தூக்கினாள். தமயந்தி அவள் மகளை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசைக்கு நகர்ந்தாள். சந்திரா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.