ஜீவிதாவின் முகூர்த்தப் புடவையில் ஒன்பது வாகனங்கள்

எல்லோரும் சௌக்கியமா? முட்டிவலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள் எல்லாம் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். நான் காஞ்சிபுரத்திலிருந்து தில்லையம்மாள். என் பேத்தி ஜீவிதாவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்த கதையைச் சொல்கிறேன். நிறுத்தப் பார்த்தது யார் என்று கேட்டால், நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை.

ஜீவிதாவுக்கு இங்கிலாந்தில் வில்லோபரி என்கிற சந்தை ஊரில் வேலை. நடுவில் ஒரு மணிக்கூண்டு, செவ்வாய்க்கிழமை காய்கறிச் சந்தை, மீதி நாளெல்லாம் மழை. "உங்க ஊர்ல பாக்கறதுக்கு இன்னாதான்மா இருக்குது?" என்று போனில் கேட்டேன். ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினாள்.

"இதான் ஆயா. ஒவ்வொண்ணும் நானூறு, ஐநூறு வருஷத்து எடம். சனிக்கெழமையானா ஜனங்க ஒண்ணுலேர்ந்து ஒம்போது வரைக்கும் வரிசையா போய்க்கினே இருப்பாங்க."

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்குப் படம் மட்டும்தான் புரிந்தது. ஒன்பது பழைய கட்டடங்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பலகை தொங்கியது. ஒன்றில் கழுத்தில் தங்கச் சங்கிலியோடு வெள்ளை மான், ஒன்றில் சிவப்புச் சிங்கம், ஒன்றில் அன்னம். என் தம்பி நமச்சிவாயம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தான். நாற்பது வருஷமாகத் தறியில் உட்காருகிறவன்.

"அக்கா, இதெல்லாம் வாகனம்க்கா! சிங்கம் அம்மன் கோயிலு. ஆட்டுக்குட்டி கொடி புடிச்சிக்கினு நிக்குது பாரு, அது முருகர் கோயிலு."

"வாய்ல எலையெலையா கக்கிக்கினு ஒரு மூஞ்சி இருக்குதேடா?"

"நம்ம கோயில் வாசல்ல மேல இருக்குதே, அந்த மூஞ்சிதான். அங்க போய் கொஞ்சம் வெளுத்துப்போச்சு."

கடைசிப் பலகையில் மூன்று பீப்பாய்கள். அது கும்பாபிஷேகக் கலசம் என்று இரண்டு பேரும் ஒரே மனதாக முடிவு செய்தோம். எங்களைக் குறை சொல்லாதீர்கள். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சாமி, ஏதாவது ஒரு மிருகத்தின் மேல் ஏறிக்கொண்டு வரும் ஊர் இது. வாசலில் சிங்கத்தைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

பெண் வாழப்போகிற ஊரின் ஒன்பது கோயிலும் அவள் முகூர்த்தப் புடவையில் இருக்கட்டும் என்று யோசனை சொன்னதும் நான்தான். நமச்சிவாயம் வரைந்தான், அந்தப் படம் தறியில் விழ அட்டை குத்தினான், அரக்கு நிறத்தில் இருபத்தைந்து நாள் நெய்தான். ஓரத்தில் எட்டு வாகனம், முந்தானையில் மூன்று கலசம். கல்யாணத்தன்றுதான் காட்ட வேண்டும் என்று பெண்ணிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இங்கே சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா உமாபதி, செவிலிமேட்டு மதுவிலக்குக் குழுவின் தலைவர். மதுக்கடை ஒன்றை மூடச் சொல்லி ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் எதிரில் குடையோடு உட்காருகிறார். இதுவரை அந்தக் கடை சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. குடிக்கிறவர்கள் வீட்டில் சம்பந்தம் செய்ய மாட்டேன் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே கையடித்துச் சொன்னவர்.

முகூர்த்தத்தன்று புடவைத் தட்டு மேடையைச் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டு ஆசீர்வாதம் செய்தார்கள். உமாபதி மட்டும் ஒவ்வொரு வாகனமாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று கலசத்துக்குக் கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

ஜீவிதா தட்டை வாங்கிக்கொண்டு உடுத்தப் போனாள். உள்ளேயிருந்து "ஆயா!" என்று ஒரு சத்தம். ஓடினேன்.

"ஆயா, இது கோயில் இல்ல. எல்லாம் பப்பு. சாராயம் விக்கிற எடம்!"

"ஒம்போதுமா?"

"ஒம்போதும்!"

"கலசம்கூடவா?"

"அது பீர் பீப்பாய்!"

வேறு புடவை தேட நேரமில்லை, நல்ல நேரம் முடிய இருபது நிமிஷம். "யாருக்கும்மா தெரியப்போவுது? முந்தானைய மடிச்சி சொருவிக்க" என்று தள்ளிக்கொண்டு வந்தேன். ஆனால் தெரிந்தவள் ஒருத்தி முதல் வரிசையிலேயே இருந்தாள். ஜீவிதாவின் ஆபீஸ் மேனேஜர் ஹெலன், அதே வில்லோபரிக்காரி. அவள் எழுந்து மேடைக்கு வந்து, ஓரத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றின் பெயரையும் சந்தோஷமாகக் கத்தினாள். ஒவ்வொரு பெயருக்கும் முடிவில் ஒரு 'பப்'. உமாபதிக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்த ஒரு சொல் அவருடைய நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருக்கும்.

"மேளத்த நிறுத்துப்பா!" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "நான் கண்ணுல ஒத்திக்கினது இன்னா கடைம்மா?"

மேளம் நின்றது. மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தான். ஹெலன் எதையும் கவனிக்காமல், நான்கு படங்களைத் தட்டிக் காட்டி வருத்தமாக ஏதோ சொன்னாள்.

ஜீவிதா நிமிர்ந்தாள். "மாமா, ஒம்போதுல நாலு மூடிட்டாங்களாம். ஒண்ணு பல் டாக்டர் வீடு. ஒண்ணு ஜமக்காளக் கடை."

"நாலா?" உமாபதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாரும்மா போராடினது?"

ஹெலன் நீளமாகப் பதில் சொன்னாள். விலை ஏறிவிட்டது, எல்லோரும் பாட்டில் வாங்கி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு குடிக்கிறார்கள் என்றாளாம். ஜீவிதா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"ஜனங்களே போறத நிறுத்திட்டாங்களாம், மாமா."

உமாபதியின் கண் கலங்கிவிட்டது. "ஒரு குடைகூட இல்லாம! இன்னாடா பாத்துக்கினு நிக்கற? தாலிய கட்டுடா!"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நான்கு வாகனங்களையும் பெரிதாக அச்சடித்துக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். அதோடு விடவில்லை. மூடியதை நேரில் பார்க்க அடுத்த மாதம் வில்லோபரிக்கே போகிறார். மீதி ஐந்தைத் தாண்டி மாமாவை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று ஜீவிதா நேற்றுப் போனில் அழாத குறை.

"சந்து வழியா இட்டுக்கினு போம்மா" என்றேன். எல்லாச் சந்தும் அங்கேதான் போய் முடிகிறதாம்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மேளம் நின்ற கதை ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். யார் நிறுத்தினார்கள், எதைச் சொல்லித் திரும்ப வாசிக்க வைத்தீர்கள், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.