கோட்டுப் பையில் அடித்த போன்

நீதிமன்றப் படிகளில் காலையிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளையர். பட்டாள உடுப்பு, நெஞ்சில் தொங்கும் ரைஃபிள். மாநில அரசுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று பதாகை கட்டியிருந்தார்கள். மடக்கு நாற்காலிகள், ஒரு பெரிய பானை நிறைய பீன்ஸ் குழம்பு. போலீஸ்காரர்கள் காகிதக் கிண்ணத்தில் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எதிர்ச்சாரியில், பூட்டியிருந்த முடிவெட்டும் கடை வாசலில் நானும் என் மனைவியின் தம்பி டெரலும் நின்றோம். மிச்சிகன் நவம்பர். கைகள் விறைத்தன.

என் மனைவி லொரெய்னை மார்ச்சில் ஒரு போலீஸ்காரர் காரை நிறுத்தச் சொல்லிச் சுட்டுக் கொன்றார். அவள் பையில் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இருந்தது. பையின் ஜிப் திறக்கப்படவே இல்லை. கத்தினாள், மிரட்டினாள் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். லொரெய்ன் நாயைக்கூடக் கத்தி விரட்டியதில்லை.

அவருடைய சட்டைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. குடும்பத்தார் அதை நீதிமன்றத்தில் வைத்து ஒரு முறை பார்க்கலாம் என்று நீதிபதி அனுமதித்திருந்தார். இன்று மாலைக்குள். நாளை போலீஸ் தரப்பு மேல்முறையீடு செய்கிறது. பிறகு அது எங்களுக்குக் கிடைக்காது. அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வக்கீல் புரூயிட் அம்மா காலையிலேயே உள்ளே மாட்டிக்கொண்டார். மதியம் போன் செய்தார்.

"காவலாளிகிட்ட பேசிட்டேன். பின்கதவத் திறக்கிறேங்கிறான். திறந்ததும் கூப்பிடுறேன், உடனே எடுங்க. ரொம்ப நேரம் நிக்க மாட்டான், பயந்தாங்கொள்ளி."

போனைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன்.

"அங்க பாரு மச்சான்," என்றான் டெரல். "அவங்க நாப்பது பேரு துப்பாக்கியோட நின்னா மக்கள் போராட்டம். நம்ம ரெண்டு கறுப்பனுங்க சும்மா நின்னா கலவரம்."

"சும்மா இருடா."

"சும்மாதான இருக்கேன். அதத்தான் சொல்றேன்."

இளம் போலீஸ்காரர் ஒருவர் சாலையைக் கடந்து வந்தார். மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது.

"இங்க என்ன வேலை?"

"கோர்ட்டுல வேலை சார். திறக்கறதுக்காக நிக்கிறோம்."

"இன்னிக்குத் திறக்காது. அவங்க கையில ஆயுதம் இருக்கு. அவசரப்பட்டா யாருக்காவது அடிபடும். பொறுமையாத்தான் பேசணும். நீங்க கிளம்புங்க."

டெரல் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்புதான்.

"என்னடா சிரிப்பு?"

அப்போது போன் அடித்தது. என் கை தானாகக் கோட்டுக்குள் போனது.

"கையை எடு! கையைத் தூக்கு!"

அவருடைய துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வந்திருந்தது. இரண்டு கையையும் தூக்கினேன். டெரலும் தூக்கினான். போன் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

"போன்தான் சார்," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கத்தாத!"

"நான் கத்தல சார்."

"கத்தாதேன்னு சொல்றேன்ல!"

படியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். நரைத்த தாடி. வயிற்றின் மேல் ரைஃபிள் ஆடியது. போலீஸ்காரருக்கு நேர் பின்னால் வந்து நின்றான்.

"என்ன கைல், ஏதாவது தொந்தரவா?"

"ஒண்ணுமில்லண்ணே. நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க." கைல் என்ற அந்தப் போலீஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன் நின்றது. மறுபடி அடித்தது. நான் கையை இறக்கவில்லை. லொரெய்னும் மெதுவாகத்தான் பேசியிருப்பாள். போன் மறுபடி நின்றுவிட்டது.

என்னைச் சுவரில் சாய்த்துத் தடவிப் பார்த்தார். போனை எடுத்து, புரட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்றார்.

தெருமுனை தாண்டியபின் கூப்பிட்டேன். புரூயிட் அம்மாவின் குரல் உடைந்திருந்தது.

"எங்கப்பா போனீங்க? ரெண்டு தடவ அடிச்சேன். அவன் பூட்டிட்டுப் போயிட்டான்."

"எங்கயும் போகல மேடம்," என்றேன். "எதிர்லதான் நின்னேன்."