பரிபூரணத்துப் பலா

வேலுசாமி ராஜபாளையத்தில் வீடு கட்டி முடித்தது எண்பத்தாறில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அப்போது அங்கே கருவேல முள்ளும் வெயிலும்தான். மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், சட்டையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், சுண்ணாம்புப் பொடியை அள்ளிக்கொண்டு மனையைச் சுற்றி வருவான். பொடி விழுந்த இடத்தில் ஒரு மரம் என்று கணக்கு. மேற்கு வெயில் சுவரில் அறையாதிருக்க வேம்பு. குளிக்கிற தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில் வாழை. கிணற்றடியில் கறிவேப்பிலை. சுவரை விட்டுத் தள்ளித் தென்னை. முருங்கை மட்டும் கொல்லை மூலையில். வாசலில் பிச்சிக்கொடிக்கு ஒரு பந்தல்.

அவன் பெண்டாட்டி வெள்ளைத்தாய் பின்னாலேயே வந்து, "தென்னையை இன்னும் செத்தத் தள்ளுங்க, நாளைக்கு மட்டை எம்மண்டையிலயா விழணும்?" என்பாள். "ஓம்மேல விழ அதுக்கும் பயம் இருக்கும்ட்டி" என்பான் அவன்.

அந்த வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு, கண்ணுகளா. வேலுசாமியின் அக்கா பரிபூரணம். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருசன் செத்து, சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். புது வீட்டில் அவளுக்குக் கிடைத்தது விறகு அடுக்கும் சாய்ப்பு. யாராவது கேட்டால், காற்றோட்டமாக இருக்கிறது என்று அவளே சொல்லிவிடுவாள்.

தோண்டிய குழிகளை வெயிலில் ஆறப்போட்டார்கள். ஒரு மழை விழுந்ததும் கன்று வைக்க நாள் பார்த்தாயிற்று. அந்தக் குடும்பத்து வழக்கம், ஆளுக்கொரு கன்று அவரவர் கையால் வைப்பது. வைத்தவர் பேர்தான் மரத்துக்கும் பேர். தாலி இழந்தவள் கை கன்றில் படக்கூடாது என்பதும் அதே வழக்கம்தான். அதனால் பரிபூரணம் எருவைச் சுமந்து கொட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

கன்றுகளை வண்டியில் கொண்டுவந்தவர் நைனா முகமது. வேலுசாமிக்கு வெகுநாள் பழக்கம். புது வீட்டுக்கு என் கையால் ஒன்று இருக்கட்டும் என்று, கேட்காத ஒரு பலாக்கன்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளைத்தாய்க்கு முகம் மாறிவிட்டது. அவள் பிறந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. பலாவை வைத்தவர் அதன் முதல் பழத்தைத் தின்ன உயிரோடு இருக்கமாட்டாராம். ஆசையாய்க் கொடுத்ததை வேலியோரம் எறியவும் முடியாது. புருசனைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் மெதுவாகப் பேசினாள். பொறவு சிரித்த முகமாக வந்து, மதினியும் ஒரு கன்று வைக்கட்டும், அவியளும் இந்த வீட்டு ஆள்தானே என்றாள்.

பரிபூரணம் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினாள். பையைக் கிழித்து, வேர்மண் உதிராமல் இரண்டு கையாலும் தாங்கிக் குழிக்குள் இறக்கினாள். குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் விட்ட வேலுசாமி, அக்கா முகத்தை ஏறிட்டே பார்க்கவில்லை.

அந்த வாரமே விசயம் அவள் காதுக்கு வந்துவிட்டது. கொல்லையில் புருசனும் பெண்டாட்டியும் பேசினதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருந்த பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். வடிகஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க வேரில் ஊற்று, கன்று பட்டுப்போகும், ஒருவருக்கும் தெரியாது என்று வழியும் சொல்லிக்கொடுத்தாள்.

பரிபூரணம் கஞ்சிச் சட்டியோடு போனாள். அவளுக்கும் சாகப் பயந்தானே, கண்ணுகளா. அந்நேரம் வெள்ளைத்தாய், ஊரிலிருந்து வந்த தன் சொந்தக்காரிக்குத் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். இது அவுக தென்னை, இது என் பிச்சி, அந்தா அது மதினி பலா என்று கை நீட்டினாள். பரிபூரணம் அப்படியே நின்றுவிட்டாள். அந்த வீட்டில் அவள் பேர் சொல்ல ஒரு செம்பு இல்லை, ஒரு பாய் இல்லை. கஞ்சி ஆறுகிறவரை நின்றாள். ஆறின பிறகு வேரில் ஊற்றினாள்.

அதற்கப்புறம் அந்த மரத்தை அவள் விட்டதே இல்லை. கிணறு வற்றின வருசம் தெருக்குழாயில் மல்லுக்கட்டிப் பிடித்த தண்ணீரில் தன் பங்கை அதற்கு ஊற்றினாள். தென்னையில் ஒன்று கருகிப்போனது. பலா வளர்ந்தது.

தொண்ணூற்று நாலு மாசியில் அடிமரத்தில் பிஞ்சு கட்டியது. வீடு கப்சிப்பென்று ஆகிவிட்டது. வெள்ளைத்தாய் ஏசுவதை நிறுத்தினாள். மதினி இருமினால் எட்டிப் பார்த்தாள். சோற்றுத்தட்டை முதலில் அவளுக்கு வைத்தாள். வேலுசாமி தூங்காத கண்ணோடு மில்லுக்குப் போய் வந்தான்.

பங்குனியில் ஒருநாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கல்யாணம் பார்த்துவிட்டு வா என்று அவனே அக்காவை பஸ் ஏற்றிவிட்டான். துணைக்கு ஞானபாக்கியம். தம்பி தன்னை ஒரு இடத்துக்கு அனுப்பி வைக்கிறானே என்று வழியெல்லாம் அவளுக்குப் பேச்சு ஓயவில்லை.

பொழுது சாய வந்தபோது பலா தரையில் கிடந்தது. பிஞ்சுகள் மண்ணில் சிதறிக் கிடந்தன. வேலுசாமி கிணற்றடியில் உட்கார்ந்து, கையில் அப்பிய பிசின் போக நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒனக்காகத்தான்க்கா வெட்டுனேன். ஓன் உசுரு போயிருமோன்னு இருந்துச்சு."

"வைக்கச் சொன்ன அன்னைக்கு, எம் உசுரு எங்கலே இருந்துச்சு?"

அவன் கை நின்றுவிட்டது.

"வச்ச வாரமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தண்ணி ஊத்துனேன்."

"தெரிஞ்சுமா ஊத்துன? ஏங்க்கா?"

"அதுலதான எம்பேரு இருந்துச்சு. ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

விடிந்ததும் இரண்டு சேலையை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெள்ளைத்தாய் வாசலை மறித்து அழுதாள். அது பொய் அழுகை இல்லை. பரிபூரணம் சத்திரப்பட்டிக்குப் போய், பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலையில் சேர்ந்தாள். கூட வேலை பார்த்த சந்தனம் என்பவளின் அறையில் ஒண்டிக்கொண்டாள். வேலுசாமி போய்ப் போய்க் கூப்பிட்டான். தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, திருப்பி அனுப்பினாள். தம்பி என்று மட்டும் அழைக்கவில்லை.

இங்கே வெட்டின அடிமரம் துளிர்த்தது. வேலுசாமி வெட்டினான். மறுபடி துளிர்த்தது, மறுபடி வெட்டினான். அவியதான் போயிட்டாகளே, கிடக்கட்டும் விடுங்க என்றாள் வெள்ளைத்தாய். வச்ச கை அவ கைதானே என்று சொல்லிவிட்டு அரிவாளைத் தீட்டினான். ஷிஃப்டுக்குப் போகுமுன் குனிந்து அடிமரத்தைத் தடவிப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. மொட்டாக இருந்தாலும் நகத்தால் கிள்ளிவிடுவான்.

தொண்ணூற்று எட்டில் ஒரு மழைக்காலத்தில் பரிபூரணத்துக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தறிக்கூடத்து ஆட்கள் வண்டி பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. சேதி சொல்லி அனுப்பினது சந்தனம். வேலுசாமி போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தான்.

ஈரத்துணியோடு கொல்லைக்குப் போனான். அடிமரத்தில் புதிதாக இரண்டு துளிர் விட்டிருந்தது. வெள்ளைத்தாய் அரிவாளை எடுத்து வந்து நீட்டினாள்.

இனி எதுக்குட்டி என்றான்.